முதலில் ஈரம், பிறகு குளிர்: நீலகிரியின் பழைய வீடுகளைக் கதகதப்பாக்கும் வழிகள்

நீலகிரியின் குளிர் ஈரத்தோடு சேர்ந்து வரும் குளிர். லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே எல்லாம் உறைந்துபோகும். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தால்கூட 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். அந்த வறட்சியில் மண்சுவரும் வைக்கோலும் பல தலைமுறைக்குக் கெடாமல் நிற்கும். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொண்டு ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் காற்றும், அக்டோபர், நவம்பரில் மீண்டும் மழை, அதன்பின் பிப்ரவரி வரை உறைபனி. லடாக்கில் வீட்டைக் காக்கும் வைக்கோலை உதகையின் சுவருக்குள் அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் மக்கிவிடும். வீட்டின் கதகதப்பைப் பற்றி மற்ற குளிர்நாடுகள் சொல்லும் பாடங்களை நீலகிரி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

மலையிலேயே இடத்துக்கு இடம் குளிர் மாறுகிறது. வானம் தெளிந்த ஜனவரி இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி காலையில் வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். மேட்டில் இருக்கும் வீடு இந்தக் குளிர்க்காற்றுத் தேக்கத்திலிருந்து தப்பித்துவிடும், ஆனால் மழைக்காலக் காற்றை நேராக வாங்கும். 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் உறைபனி குறைவு. அங்கே மூடுபனியும் வடகிழக்கு மழையும்தான் தொல்லை.

மலைக்கு ஏற்ற பழைய வீடுகள்

தோடர்களின் பாரம்பரிய வீடு இந்தக் குளிருக்கு நேரான விடை. வளைத்த மூங்கிலின் மேல் கனமாகப் புல் வேய்ந்த அரைவட்டக் கூரை தரைவரை இறங்கி வரும். கூரை வேறு, பக்கச் சுவர் வேறு என்ற பிரிவே அதில் இல்லை. குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல், ஜன்னல் கிடையாது. அடுக்கடுக்கான புல்லுக்குள் சிக்கிய காற்று வெப்பம் வெளியேறாமல் தடுக்க, உள்ளே எரியும் அடுப்பின் புகை புல்லை உலர்த்தி, பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்டது. இன்று பெரும்பாலான தோடர்கள் கான்கிரீட் வீடுகளில் வாழ்கிறார்கள்.

படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும். நடுவிலுள்ள வீட்டுக்கு முன்சுவரும் பின்சுவரும் மட்டுமே குளிரில் படுகின்றன. நான்கு பக்கமும் காற்று வீசும் தனி வீட்டைவிட அது குறைவான வெப்பத்தையே இழக்கும்.

1819இல் மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் உதகையில் கட்டிய ஸ்டோன் ஹவுஸ், இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து எழுந்த பங்களாக்கள் ஆங்கிலேயர்களின் ஊர் நினைவில் கட்டப்பட்டவை: கனமான கல் அல்லது செங்கல் சுவர், சுண்ணாம்பு அல்லது மண் சாந்து, 12 அடிக்குக் குறையாத உயரம், தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், அறைக்கு ஒரு கணப்பு. மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்த பிறகு நெளிதகரம், ஓடு, கண்ணாடி போன்ற கனமான சாமான்களை ஏற்றிவருவது எளிதானது. இந்தப் பங்களாக்களைச் சூடாக்க விறகு ஏராளமாகத் தேவைப்பட்டது. உதகையைச் சுற்றியிருந்த சோலைகள் விறகுக்காக வெட்டப்பட்டன. அந்தக் குறையை ஈடுகட்ட, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகை மரமும் தோப்புத் தோப்பாக நடப்பட்டன. மலையின் தோற்றம் மாறியதில் வெப்பம் தங்காத வீடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

நான்காவது வகை, தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகள். ஒரே கூரைக்கடியில் ஓரிரு அறைகள் கொண்ட பல குடியிருப்புகள் இவை. மேலே ஓடு, தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களின் குடியிருப்புகளும் இந்த மாதிரியைத்தான் பின்பற்றின. மலையில் குளிரை அதிகம் அனுபவிப்பவர்கள் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

வெப்பம் எந்த வழியாகப் போகிறது

ஒரு சதுர மீட்டர் பரப்பில், வீட்டுக்கு உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கடந்து போகிறது என்பதுதான் கட்டடப் பொறியாளர்களின் அளவுகோல். எண் குறையக் குறைய வீடு கதகதப்பாக இருக்கும். ஒற்றைத் தகரக் கூரைக்கு இந்த எண் 7ஐ ஒட்டி இருக்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு 5.7. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குச் சுமார் 2.

கல் சுவரின் கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். கருங்கல் செங்கல்லைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் இரண்டடி கனமுள்ள கருங்கல் சுவரும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் வெப்பத்தைத் தடுப்பதில் ஏறக்குறைய சமம். கல் சுவரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது வெப்பத்தை நிறையச் சேமித்து வைத்து மெதுவாக விடும். தினமும் தீ மூட்டும் வீட்டில் இது நன்மை. வாரக் கடைசியில் மட்டும் திறக்கும் பங்களாவிலோ, சுவர் சூடேறி முடிப்பதற்குள் விருந்தினர் ஊர் திரும்பிவிடுவார்கள்.

சுமார் 650 சதுர அடி, அதாவது 60 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே 15 டிகிரி, வெளியே 5 டிகிரி. சீலிங் இல்லாத தகரக் கூரை வழியாக மட்டும் 4,200 வாட் வெளியேறும். தகரத்துக்குக் கீழே முக்கால் அங்குலப் பலகை சீலிங் இருந்தால் இழப்பு சுமார் 1,300 வாட்டாகக் குறையும். அந்தப் பலகைக்கு மேல் இரண்டு அங்குலக் கிளாஸ் வுல் விரித்தால் 400 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் உள்ள வித்தியாசம், 2,000 வாட் ஹீட்டர் இரண்டு ஓயாமல் ஓடுவதற்கு ஏறக்குறைய சமம். அதே வீட்டில் ஒன்றரைச் சதுர மீட்டர் ஜன்னல் ஒன்று இழப்பது 85 வாட்தான்.

காற்று வழியாகப் போகும் வெப்பமும் குறைவல்ல. அந்த வீட்டுக்கு 12 அடி உயரம் இருந்து, இடுக்குகள் வழியாக உள்காற்று மணிக்கு மூன்று முறை முழுதாக மாறினால், அதிலேயே ஏறக்குறைய 2,000 வாட் போய்விடும்.

ஈரம் செய்யும் வேலை

நான்கு பேர் வாழும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், உள்ளே காயும் துணி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வரை நீரை ஆவியாகக் காற்றில் கலக்கின்றன. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். 15 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று, 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் பூக்கும். உறைபனி இரவில் தகரக் கூரையின் அடிப்பரப்பு அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கும். மழையே இல்லாத விடியற்காலையில் லைன் வீடுகளின் கூரையிலிருந்து சொட்டுவது, அங்கே தூங்கியவர்களின் மூச்சுக்காற்றிலிருந்த நீர்தான்.

சுவரில் ஈரம் வரும் வழிகள் வேறு. சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கும்; மேட்டில் இறங்கும் மழைநீர் நேராகச் சுவருக்குள் ஊறும். அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் இந்த ஈரத்தை வாங்கி, வெயில் அடிக்கும்போது வெளியே விட்டுவிடும். பழுதுபார்க்கிறோம் என்று அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழி அடைபடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பெயின்ட் உப்பிக் கழலும், பூஞ்சணம் பிடிக்கும், உத்தரத்தின் சுவருக்குள் புதைந்த முனை உளுத்துப்போகும். ஈரமான சுவர் உலர்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தை இழக்கும் என்பதால், ஓதம் உள்ள வீடு கூடுதலாகக் குளிரும்.

வேலைகளின் வரிசை

ஆகவே நீலகிரியில் முதல் வேலை தண்ணீரை விலக்குவது. உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். குரங்குகள் ஓட்டைப் பெயர்க்கும் இடங்களில் இதை மழைக்கு முன்பும் பின்பும் இருமுறை செய்ய வேண்டியிருக்கும். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தாரை அமைத்துத் தூரமாக விட வேண்டும். மண்மேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே, தரைமட்டத்தைவிடத் தாழ்வான வடிகால் ஒன்று வெட்டிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரின் பூச்சு பெயர்ந்திருந்தால் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் நீராவி பிறந்த இடத்திலேயே வெளியேறிவிடும்.

இரண்டாவது வேலை இடுக்குகளை அடைப்பது. மூன்றடி அகலக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் சந்து இருந்தால், அது ஒன்பதரை சென்டிமீட்டர் சதுர ஓட்டைக்குச் சமம். கதவடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டும் ஃபோம் டேப், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள விரிசலில் மக்கு அல்லது சிலிக்கான் என்று சில நூறு ரூபாய்ச் சாமான்களிலேயே ஓர் அறையின் குளிர்க்காற்றைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். ஆனால் எல்லாத் துளையையும் அடைக்கக் கூடாது. பலகைத் தளத்துக்கு அடியில் காற்றோட்டத்துக்காக விட்ட துவாரங்கள், ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள காற்று வழிகள், எரிவாயு அடுப்புள்ள அறையின் காற்றுத் துவாரம் ஆகியவை திறந்தே இருக்க வேண்டும். தளத்துக்கு அடியில் உள்ள துவாரத்தைக் குளிருக்குப் பயந்து அடைத்த பங்களாக்களில் தரையைத் தாங்கும் சட்டங்கள் சீக்கிரமே உளுத்துவிடும்.

மூன்றாவது கூரை. பணம் செலவழிக்க ஓர் இடம்தான் உண்டு என்றால், அது இங்கேதான். பலகை சீலிங் உள்ள பங்களாவில் வேலை எளிது. பரணில் ஏறி, சீலிங் பலகைக்கு மேல் இரண்டு முதல் நான்கு அங்குலக் கிளாஸ் வுல் அல்லது ராக் வுல் விரித்தால் போதும். அதற்குக் கீழே, அதாவது அறையை ஒட்டிய பக்கம், ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்தால் வீட்டின் நீராவி பஞ்சுக்குள் புகாது. கூரையோரத்தில் காற்று புகும் இடத்தைப் பஞ்சு மறைக்கக் கூடாது. வேலை தொடங்குமுன் பரணில் ஓடும் பழைய மின்கம்பிகளை மாற்றிவிட வேண்டும். பஞ்சுக்குள் புதைந்த பழைய வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். புகைபோக்கியைச் சுற்றி இடைவெளி விட்டு, எரியாத ராக் வுல் மட்டுமே வைக்க வேண்டும்.

சீலிங் இல்லாத தகரக் கூரைக்கு வேறு வழி. தகரத்துக்குக் கீழே ஓர் அங்குலம் காற்றுக்கு விட்டு, சட்டம் அடித்து, அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டைக் கட்டி, அதன் கீழே சிமென்ட் போர்டோ பலகையோ அடிக்கலாம். கூரையையே மாற்றுவதானால் இரண்டு தகரத்துக்கு நடுவே ஃபோம் அடைத்து வரும் பஃப் பேனல் கிடைக்கிறது. இரண்டு அங்குலப் பேனல், வெற்றுத் தகரத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூட வெளியே விடாது. அடியில் நீரும் சொட்டாது. தெர்மோகோல் விலை குறைவு, தடுப்பும் நன்று. ஆனால் அது எளிதில் எரிந்து நச்சுப்புகை விடும். அதைத் திறந்த நிலையில் சீலிங்கில் ஒட்டுவது ஆபத்து. ஜிப்சம் போர்டு போன்ற எரியாத பலகையால் மூட வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உள்ள கூரையை அறுப்பதும் துளையிடுவதும் தேய்ப்பதும் கூடாது. அதன் தூசியிலுள்ள நார்கள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஷீட்டைத் தொடாமல், சுவர் தாங்கும்படி சட்டம் அமைத்துத் தனியாக சீலிங் போடுவது பாதுகாப்பான வழி.

நான்காவது ஜன்னல். பழைய தேக்கு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அலுமினியச் சட்டம் வைப்பது இரட்டை நஷ்டம். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மரச்சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உட்புறம் இன்னொரு கண்ணாடியோ அக்ரிலிக் ஷீட்டோ பொருத்தினால் இழப்பு பாதியாகும். தடித்த துணியில் உள்தைத்த திரை, ஜன்னலின் அடிக்கட்டை வரை இறங்கிச் சுவரோடு ஒட்டித் தொங்கினால் இரவில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

தரையைப் பற்றிய பயம் பெரும்பாலும் மிகை. உதகையில் சில அடி ஆழத்து மண் ஆண்டு முழுவதும் 14 டிகிரியை ஒட்டியே இருக்கும். உறைபனி இரவிலும் தரை வழியாக அதிக வெப்பம் போகாது. ரெட் ஆக்சைடு தரை காலுக்குச் சில்லிடுவது, அது பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சுவதால்தான். கயிற்றுப் பாயும் கம்பளமும் அதற்குப் போதும்.

சுவரைக் கடைசியில்தான் தொட வேண்டும். உள்பக்கம் தடுப்புப் பலகை ஒட்டினால் அறை விரைவில் சூடேறும்; ஆனால் பலகைக்குப் பின்னால் கல் முன்னைவிடக் குளிர்ந்துபோய், அங்கே நீர் பூத்துப் பூஞ்சணம் வளரும். சுவர் முழுதாக உலர்ந்த பிறகு, நிறையக் குளிரும் வடக்குச் சுவருக்கோ காற்று வீசும் சுவருக்கோ மட்டும், பின்னால் காற்றோட்டம் விட்டு மரப்பலகை அடிக்கலாம். பழைய பங்களாக்களில் இடுப்பளவு உயரத்துக்கு மரப்பலகை அடித்திருப்பது இந்த முறைதான். பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போட்டாலே பின்னால் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

கணப்பும் கரியும்

திறந்த கணப்பு பார்க்க அழகு, சூடு தருவதில் கஞ்சம். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் அறைக்கு வரும். மீதி புகைபோக்கி வழியே போகும். அதுமட்டுமல்ல, எரியும் தீ அறையின் சூடான காற்றையும் இழுத்து மேலே அனுப்பும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்குகள் வழியாகக் குளிர்க்காற்று உள்ளே வரும். கணப்புக்குள் கதவுள்ள இரும்பு அடுப்பைப் பொருத்தினால் அதே விறகில் பல மடங்கு சூடு கிடைக்கும். தீ மூட்டாத நாட்களில் புகைபோக்கியின் வாயைப் பலகையால் மூடி வைக்கலாம்; அடுத்த முறை மூட்டுமுன் திறக்க மறக்காதபடி அதில் ஓர் அடையாளம் தொங்கவிட வேண்டும்.

கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவது உயிருக்கு ஆபத்து. கனலும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே இறந்துபோகலாம். நீலகிரியில் குளிர்காலத்தில் இப்படிப்பட்ட மரணச் செய்திகள் வருவதுண்டு. இடுக்குகளை அடைத்துக் கதகதப்பாக்கிய வீட்டில் இந்த ஆபத்து மேலும் கூடும். கரியோ விறகோ எரியும் அறைக்குப் புகைபோக்கி கட்டாயம் வேண்டும்.

வெயில்

உறைபனி விழும் நாட்களின் பகல் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். உதகையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கு வானில் சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தெற்கும் கிழக்கும் பார்த்த ஜன்னல்களின் திரையைக் காலையில் விலக்கி, நான்கு மணிக்கு மேல் மூடினால் அந்தச் சூடு இலவசமாக உள்ளே தங்கும். பல பங்களாக்களில் காணப்படும் கண்ணாடி வராந்தா இதற்கே பொருத்தமானது. பகலில் வராந்தாவுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவைத் திறந்து வைத்து, மாலையில் மூடிவிட வேண்டும். லடாக்கின் புதிய வீடுகளில் தெற்குச் சுவருக்கு முன் கண்ணாடி அமைப்பதும் இதே தத்துவம்தான்.

லைன் வீடுகளின் நிலை

பங்களாவில் இருப்பவர் தன் செலவில் கூரையை மாற்றிக்கொள்ளலாம். லைன் வீட்டில் இருப்பவருக்கு வீடு சொந்தமில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் பொறுப்பையும் பராமரிக்கும் பொறுப்பையும் நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனால் வீடு என்றால் சுவரும் கூரையும் என்றே கணக்கிடப்பட்டது. அதற்குள் வெப்பம் தங்குமா என்று பார்க்கப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்கள் விஷயத்தில் இந்த அளவு இன்னும் முக்கியம்.

லைன் வீடுகளில் ஒரு சாதகமும் உண்டு. பக்கச் சுவர்கள் பொதுவானவை, அறைகள் தாழ்வானவை. வெப்பம் போகும் வழி பெரும்பாலும் கூரை ஒன்றுதான். ஒரு லைனில் பத்து வீடு இருந்தால், பத்துக்கும் சேர்த்து ஒரே முறையில் சீலிங் அடித்துவிடலாம். கூரை பழுதாகித் தகரம் மாற்றும் சமயத்தில் வெற்றுத் தகரத்துக்குப் பதில் பஃப் பேனல் போட்டால் கூலி இரட்டிப்பாகாது. பொருளின் விலை வித்தியாசம் மட்டுமே கூடும். அதுவரை, குடியிருப்பவர் தாமே செய்யக்கூடியவை கதவுச் சந்தை அடைப்பது, துணியை வெளியே அல்லது அடுப்பங்கரைப் புகைபோக்கி அருகே காயவைப்பது, சமைக்கும்போது ஜன்னலைத் திறப்பது.

வேலை பலித்ததா என்று பார்க்க, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறு மீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அறையின் நடுவே வைத்து விடியற்காலையில் பார்க்க வேண்டும். வெப்பம் ஏறி, ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் வேலை சரி. வெப்பம் ஏறியும் ஈரப்பதம் 80ஐத் தாண்டியே நின்றால், எங்கோ தண்ணீர் இன்னும் உள்ளே வருகிறது அல்லது காற்றோட்டம் தேவைக்கு மேல் அடைபட்டிருக்கிறது. மேலும் பஞ்சு வாங்குவதற்கு முன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.